முட்டை இல்லாத துறை

மாடத்தி ஒரு செம்பு பாலோடு ஆற்றங்கரை மடத்துக்கு வந்தாள். நாலு மாதமாக அங்கே சாமியம்மாவிடம் பாடம் கேட்கிறவள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

நோயில் படுத்திருந்த மாடு பிழைத்துவிட்டது என்றாள். ஈரலில் தட்டைப்புழுவாம். மாட்டு டாக்டர் மருந்து கொடுத்தார். அவர் சொன்ன நாள் வரை பொறுத்திருந்து, இன்றுதான் கறந்தாள். வீட்டில் ஒன்றரை வயதில் இரட்டைப் பிள்ளைகள். அந்த மாட்டுப் பால்தான் அவர்களுக்கு.

டாக்டர் நல்லாயிருக்கணும் என்று சொல்லி, ஆற்றைக் கும்பிட்டு, சாமியம்மாவையும் கும்பிட்டாள். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மயில்துத்தம்.

அந்தப் புழு ஆற்று நத்தைக்குள் வளர்ந்துதான் கரைப்புல்லுக்கு வருகிறதாம். மாடு இறங்கும் துறையில் இதைக் கரைத்துவிட்டால் ஒரு நத்தை மிஞ்சாது. சாமியம்மா சரி என்றால் போதும்.

"மறுபடியும் மாடு படுத்துட்டா, எம் பிள்ளைக பாலுக்கு எங்க போகும்?"

"அதுக்கு எங்கிட்ட உத்தரவா? நான் என்ன தாசில்தாரா?" சாமியம்மா சிரித்தார். "வா, நடப்போம்."

மாடு இறங்காத மேல்பக்கம் போனார்கள். தண்ணீருக்குள் கிடந்த ஒரு கல்லைச் சாமியம்மா புரட்டினார். அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி சிந்தியதுபோல நத்தை முட்டை. அடுத்த கல்லிலும் இருந்தது.

திரும்பித் துறைக்கு வந்ததும் மாடத்தியைப் புரட்டச் சொன்னார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினோரு கல் புரட்டினாள். நத்தை இருந்தது. முட்டை இல்லை.

"ஏன் சாமி?"

"முட்டை ஊறுற இடத்தைப் புழு தின்னுரும். அதுக்கப்புறம் நத்தை உசிரோடதான் கிடக்கும். பெறாது."

மாடத்தி கையிலிருந்த நத்தையைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள புழு எப்படி வந்துது?"

"டாக்டர் சொல்லலையா?"

சொன்னார்தான். புழுவின் முட்டை மாட்டுச் சாணத்தோடு தண்ணீரில் விழும் என்றார். அவள் அப்போது மாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது.

நத்தையை எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்தாள்.

"நான் என்ன செய்யணும் சாமி?"

"கும்பிட வந்தவதானே நீ. உன் மாட்டுக்கு ஒரு டாக்டர் இருந்தாரு. இந்த நத்தைக்கு யாரு இருக்கா? நாளையிலேருந்து மாட்டை மேட்டுலயே கட்டு. தண்ணி நீ ஒரு குடம் தூக்கு, நான் ஒரு குடம் தூக்குறேன்."