மைத்துனர் கடையில் வாங்கிய கழுத்து

கார்குன்றத்து அரசர் அதிவீரரின் தலை ஒரு நாள் காலையில் சட்டைக்குள் மாட்டிக்கொண்டது. எந்த எதிரிக்கும் சிக்காத தலை, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குளிர்ச்சட்டையின் கழுத்தில் போய்ச் சிக்கியது. காவலர் இருவர் அரசரின் இடுப்பைப் பிடிக்க, இருவர் சட்டையை இழுக்க, ஒருவழியாகத் தலை வெளியே வந்தது. காது இரண்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தன. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கே அவர்களுக்கு அன்று தனிச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

"இந்தக் கழுத்துக்கு அளவு வைத்தது எவரோ, அவர் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்! எழுதுங்கள் ஓலை!" என்று கத்தினார் அரசர்.

எழுத்தர் எழுதினார், சுருட்டினார், முத்திரை வைத்தார். உடனே முத்திரையை உடைத்து, ஓலையைப் பிரித்து உரக்க வாசித்தார். பிரிக்கப்போகிற ஓலையை எதற்குச் சுருட்டினார் என்று கேட்காதீர்கள். அது அரண்மனை முறை.

சட்டையைத் தைத்த அஞ்சுகத்தை இழுத்து வந்தார்கள். கணவன் இல்லாதவள். மூன்று பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனியில் மலை இறங்கி எங்கே போவாள்?

"சாமி, மாதிரியில இருந்தபடிதான் வெட்டினேன். கழுத்து சின்னதா இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது. திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் வாங்கமாட்டேன்னுட்டார்."

அரண்மனைக்குத் துணி தைப்பவர்கள், காகிதத்தில் வெட்டிய அளவு மாதிரியை ஒரே ஒரு கடையில்தான் வாங்க வேண்டும். அது அரசரின் மைத்துனர் மாணிக்கவேலரின் கடை. ஏன் அந்தக் கடையில் மட்டும் என்றும் கேட்காதீர்கள்.

மாணிக்கவேலர் முன்னே வந்தார். "உறையைப் பிரித்துவிட்டாள், மன்னா. பிரித்தவர்கள் வீட்டில் படி எடுத்து வைத்துக்கொண்டு, காகிதத்தை மட்டும் என் தலையில் கட்டுவார்கள். அதனால் பிரித்ததை நாங்கள் திரும்ப வாங்குவதில்லை."

சபையில் வில்லியப்பன் என்று ஒருவர் உண்டு. அவருக்கு அரண்மனையில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. அவர் வாயைத் திறந்தால் அடுத்தவர் வேலைக்கு ஆபத்து என்பது மட்டும் தெரியும். அவர் வாயைத் திறந்தார்.

"பிரிக்காமல் கொண்டுவந்தால் வாங்குவீர்களா?"

"பிரிக்காமலே குறை இருப்பது எப்படித் தெரிந்தது? பொய் சொல்கிறாள் என்றுதானே அர்த்தம்? அதையும் வாங்குவதில்லை."

"நியாயம்தான். சரி, கத்தரியால் அவளே கழுத்தைக் கொஞ்சம் கூட்டி வெட்டிக்கொள்ளலாமா?"

"கூடவே கூடாது! கடை மாதிரியை மாற்றுவது குற்றம்."

"அப்படியானால் அவள் என்னதான் செய்ய வேண்டும்?"

"இன்னொரு மாதிரி வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றார் மாணிக்கவேலர், கொஞ்சம்கூடக் கூசாமல்.

வில்லியப்பன் அரசரை ஏற இறங்கப் பார்த்தார். "மாதிரியில் குறையே இல்லை போலிருக்கிறது, மன்னா. தங்கள் தலைதான்..."

"ஐயையோ! அரசர் தலை அளவான தலை!" என்று மாணிக்கவேலர் குறுக்கே பாய்ந்தார். "இவள் தையலில்தான் குறை!"

"அஞ்சுகம், மாதிரியைச் சட்டைமேல் வைத்துக் காட்டு" என்றார் வில்லியப்பன்.

மடியிலிருந்து எடுத்து வைத்தாள். ஒரு நூல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்படியானால் தையலிலும் குறையில்லை. என் மாதிரி யாருக்கும் பொருந்தும்" என்று சட்டென்று கட்சி மாறினார் மாணிக்கவேலர்.

"உங்களுக்கும் பொருந்துமா?"

"ஏன் பொருந்தாது?"

சொன்ன பிறகு போடாமல் இருக்க முடியுமா? போட்டார். தலை நெற்றி வரை நுழைந்தது. அதற்குமேல் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, முகமே தெரியாமல், சபை நடுவே பஞ்சு மூட்டையாகத் தள்ளாடினார்.

"மூச்சு முட்டுகிறது! கழுத்தை வெட்டுங்கள்!"

காவலர்கள் வாளை உருவினார்கள்.

"சட்டைக் கழுத்தை! சட்டைக் கழுத்தை!"

வில்லியப்பன் அவர் பக்கத்தில் போய் நின்றார். "கடை மாதிரியை மாற்றுவது குற்றமாயிற்றே, ஐயா?"

"குற்றமில்லை! மாதிரிதான் தப்பு! என் மகன் சட்டை மாதிரியைத்தான் பெரிதாக்கினேன். கையைப் பெரிதாக்கினேன், உடம்பைப் பெரிதாக்கினேன், கழுத்தை மறந்துவிட்டேன்! அளவு வைத்தது நான்தான்! வெட்டுங்களேன்!"

அஞ்சுகம் கத்தரியை எடுத்து ஒரு வெட்டு வெட்டினாள். வியர்த்துக் கொட்ட மாணிக்கவேலரின் தலை வெளியே வந்தது.

"மன்னா" என்றார் வில்லியப்பன். "ஓலையில் அஞ்சுகத்தின் பெயர் இல்லை. அளவு வைத்தது எவரோ அவர் என்றுதான் இருக்கிறது. அவர் இப்போது தாமாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்."

அஞ்சுகம் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மாணிக்கவேலரோ அரசர் காலில் விழுந்தார். "அத்தான், கோபத்தில் எழுதிய ஓலை அது! திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்!"

அரசர் அந்தப்புரத்தின் பக்கம் பயத்தோடு பார்த்தார். மைத்துனரை விரட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே போவது? வில்லியப்பன் எழுத்தரிடம் திரும்பினார்.

"ஓலையைப் பிரித்துவிட்டீர்களா?"

"பிரித்து வாசித்தும் விட்டேனே!"

"அடடா!" என்று வில்லியப்பன் மிகவும் வருத்தப்பட்டார். "பிரித்ததைத் திரும்ப வாங்குவதில்லையே, மாணிக்கவேலரே. பரவாயில்லை, இன்னொரு ஓலை வாங்கிக்கொள்ளுங்கள்."

அரசர் கழுத்து வலியையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். "தருகிறேன், மச்சான். விற்ற மாதிரிகளில் குறையுள்ளதை எல்லாம், பிரித்திருந்தாலும் சரி, பொழுது சாய்வதற்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும். அப்புறம் மன்னித்து இன்னொரு ஓலை!"

அன்று மாலை மாணிக்கவேலரின் கடை வாசலில் தொடங்கிய வரிசை தேரடி வரை நீண்டது. எல்லார் கையிலும் பிரித்த உறை. முதல் ஆளாக நின்ற அஞ்சுகம் காகிதத்தை நீட்டியபோது, மாணிக்கவேலர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.