நாற்பதுக்கு முப்பத்தொன்பது வாங்கிய மாடு

பனங்குளச் சீமையை ஆண்ட பெருவேங்கை ராசாவுக்கு ஒரு நாள் திடீரென்று மாடுகள் மேல் கருணை பிறந்துவிட்டது. காரணம் இருந்தது. கடற்கரை உப்பளத்திலிருந்து தலைநகருக்கு வரும் உப்புச் சாலையில், அந்தக் கோடையில் மட்டும் பதினெட்டு வண்டி மாடுகள் சுருண்டு விழுந்து செத்துப்போயின. செத்ததை வண்டிக்காரர்கள் பக்கத்து ஊர்க் கண்மாயில் தள்ளிவிட்டுப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊர்க்காரர்கள் அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ராசா அறிவித்தார். "மாட்டையும் ஆளையும் ஊர்த் தண்ணீரையும் நன்றாகப் பேணுகிற வண்டிக் கூட்டத்துக்கே இனி பத்து வருஷம் உப்புச் சாலை. மற்றவர்கள் வேறு பிழைப்புப் பார்க்கட்டும்!"

போட்டிக்கு இரண்டு கூட்டம். ஒன்று, இருநூறு வண்டி வைத்திருந்த தாண்டவராயருடையது. மற்றொன்று, பன்னிரண்டே வண்டி வைத்திருந்த மாசாணத்துடையது. அளந்து சொல்லும் பொறுப்பை அரண்மனைக் கணக்கெழுதும் சம்பிரதி ஆவுடையப்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். எதையும் எழுதி எண் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

மூன்று மாதம் கழித்து நாற்பது ஓலைகளைக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். எழுத்துத் தெளிவாகத் தெரியக் கோவையிலைச் சாறு தடவியிருந்தார். சபை முழுக்கப் பச்சை வாசம்.

"மகாராசா, நாற்பது அளவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தாண்டவராயர் முப்பத்தொன்பது. மாசாணம் பதினொன்று."

"அடேயப்பா! எப்படி அளந்தீர்?"

"வண்டிக்குக் கொடி உண்டா? ஒரு புள்ளி. மாட்டுக் கொம்புக்குப் பச்சை வர்ணம் உண்டா? ஒரு புள்ளி. சாலையோரம் ஆயிரம் மரம் நடுவதாகத் தாண்டவராயர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஒரு புள்ளி."

"மரம் எங்கே?"

"ஓலையில் இருக்கிறது, மகாராசா."

"மாட்டுக்குத் தீனி?"

"வயிறு நிறையப் போடுவதாகத் தாண்டவராயரே சொன்னார். முழுப் புள்ளி."

"பிறகு எதில்தான் ஒரு புள்ளி போனது?"

சம்பிரதி தொண்டையைக் கனைத்தார். "அந்தப் பதினெட்டு மாடும் அவருடையவை. ஆகையால் ஒரு புள்ளியைத் தயவு தாட்சண்யம் பாராமல் குறைத்துவிட்டேன்."

ராசாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அடைப்பைக்காரி அரியநாச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். மாசாணத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டு குடும்பத்தின் அடுப்பு அன்றோடு அணையப் போகிறதே என்று நின்றிருந்தார்.

"என்ன சிரிப்பு?" என்று ராசா உறுமினார்.

"மகாராசா, கொடியும் ஒரு புள்ளி, உயிரும் ஒரு புள்ளி என்றாரே, அதை நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது."

"அப்படியானால் நாற்பதில் எது முதல் என்று நீயே காட்டு. ஆனால் மனிதர் யாரும் சாட்சி சொல்லக் கூடாது. இவர்கள் எல்லாரும் பொய் சொல்வார்கள். என் வாயிலுள்ள வெற்றிலை தீருவதற்குள் காட்டவேண்டும். முடியாவிட்டால் நாளை முதல் நீ உப்பு வண்டிக்குப் பின்னால் நடக்கலாம்."

சபை திகைத்தது. மனிதச் சாட்சி இல்லாமல் வழக்கா? அரியநாச்சியோ வெற்றிலைப் பையான அடைப்பையைக் கீழே வைத்தாள். "உத்தரவு, மகாராசா. மனிதர் வேண்டாம். வாசலில் பரிசு ஊர்வலத்துக்காக இரண்டு கூட்டத்து வண்டியும் நிற்கின்றன. ஆளுக்கு ஒரு மாட்டை அவிழ்த்துவரச் சொல்லுங்கள்."

மாடுகள் வந்தன. தாண்டவராயரின் மாட்டுக்குப் பச்சைக் கொம்பு, வெள்ளிச் சலங்கை, முதுகில் பட்டு. பட்டுக்கு அடியில் விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். மாசாணத்தின் மாட்டுக்குக் கழுத்தில் ஒரு கயிறு. அவ்வளவுதான்.

"சம்பிரதி ஐயா, உங்கள் ஏட்டை இரண்டுக்கும் காட்டுங்கள்."

"மாட்டுக்கா?"

"அவற்றைப் பற்றித்தானே எழுதினீர்கள்?"

ஆவுடையப்பர் முணுமுணுத்துக்கொண்டே கட்டைப் பிரித்து மாசாணத்தின் மாட்டிடம் நீட்டினார். அது மோந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டு வாலால் ஈ ஓட்டியது.

அடுத்து தாண்டவராயரின் மாடு. கோவையிலை வாசம் மூக்கில் ஏறியதோ இல்லையோ, ஒரே கவ்வு!

"ஐயோ, விடு! அது ராசாங்க ஏடு!" சம்பிரதி இந்தப் பக்கம் இழுத்தார். மாடு அந்தப் பக்கம் இழுத்தது. கொடி பற்றிய ஓலை போயிற்று. ஆயிரம் மரமும் போயிற்று. வயிறு நிறையத் தீனி போடுவதாகச் சொன்ன ஓலையை மாடு ஆசையோடு தின்றது. கடைசியில் சம்பிரதியின் கையில் கட்டின கயிறு மட்டும் மிஞ்சியது. மாடு அதையும் பார்த்தது. அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

ராசா சிரிக்கவில்லை. மெல்ல இறங்கி வந்து பட்டை விலக்கி அந்த விலாவைத் தடவிப் பார்த்தார்.

"தாண்டவராயரே, இதற்குத் தீனி போட்டு எத்தனை நாள் ஆயிற்று?"

தாண்டவராயர் அவசரமாகத் துணியை இழுத்து விலாவை மறுபடி மூடப் பார்த்தார்.

"உப்புச் சாலை மாசாணத்துக்கு. உம்முடைய இருநூறு வண்டியும் மாடும் இனி மாசாணத்தின் மேற்பார்வையில் ஓடட்டும். கண்மாயை உம் செலவில் தூர்வாரும். உயிர்தான் முதல். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு."

மாசாணம் கும்பிட்டார். ராசா தன் கைக் காப்பைக் கழற்றி அரியநாச்சியிடம் கொடுத்தார்.

சம்பிரதி மட்டும் மூலையில் நின்று புலம்பினார். "மூன்று மாத உழைப்பு! நாற்பது ஓலை! இந்தச் சபையில் ஒருவராவது அதை முழுக்கப் படித்துச் சிந்தித்தாரா?"

மாடு அதற்குள் சபை நடுவிலேயே மடங்கிப் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தாடையை இப்படியும் அப்படியும் அரைத்துக்கொண்டிருந்தது.

அரியநாச்சி அதைக் காட்டினாள். "வருத்தப்படாதீர்கள், ஐயா. நாங்கள் எல்லாரும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டோம். அதை உட்கார்ந்து அசைபோடுவது இது ஒன்றுதான்!"

அப்போதுதான் ராசா சிரித்தார். சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு முழுக்கச் சம்பிரதியின் வெள்ளை அங்கவஸ்திரத்தில்.