செண்பகவல்லி வாங்கப்போன லேப்டாப்

“எந்த லேப்டாப் வாங்கட்டும், மிஸ்?”

செண்பகவல்லி இப்படிக் கேட்டபோது வகுப்புகள் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கேட்டவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பதே ஆகவில்லை.

ஷமீலா பானு அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைக்குப் புதிதாக வந்த ஆசிரியை. தன்னைவிட மூத்த மாணவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

“எதுக்குக்கா லேப்டாப்?”

“புரோகிராம் எழுதக் கத்துக்கணும் மிஸ்.”

“இதுவரைக்கும் என்ன எழுதியிருக்கீங்க?”

“ஒண்ணும் எழுதலை. லேப்டாப் வந்ததும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.”

ஷமீலா தலையை ஆட்டிக்கொண்டார். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று செண்பகவல்லிக்குப் புரியவில்லை.

கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் அவள். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள். சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் படிக்க ஆசை. வீட்டில் உடனே வேலை கிடைக்கிற படிப்பாகப் பார்த்துச் சேர்த்துவிட்டார்கள். இப்போது பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டாள். வார்டில் கேக் வெட்டி, சேலை எடுத்துக் கொடுத்து வழியனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போய் அங்கே நிற்க முடியாது.

வகுப்பில் எல்லாரும் அவள் மகள் வயதுப் பிள்ளைகள். ஆளுக்கொரு லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு விரல்களை ஓடவிட்டார்கள். அவள் மட்டும் மேசைமேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கையிலிருந்த பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். தப்பாக வாங்கிவிட்டால் மாற்றுவதற்கு வழியில்லை. அந்தப் பயத்திலேயே கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்டிருந்தாள்.

கொழுந்தன் பிராசஸர்தான் முக்கியம் என்றான். பக்கத்து இருக்கைப் பெண் பதினாறு ஜிபி ரேம் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள் என்றாள். கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததெல்லாம் ஒரு லேப்டாப்பா என்று கேட்டார். யூடியூபில் ஒருவர் ஆபீஸ்களில் ஓட்டிக் கழித்ததைச் சரிசெய்து விற்கிறார்கள், அதுவே போதும் என்றார். அடுத்த வீடியோவில் இன்னொருவர் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார்.

அவர்கள் சொன்ன லேப்டாப்களின் விவரம் அத்தனையையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி ஷமீலாவிடம் காட்டினாள். படங்கள் வந்துகொண்டே இருந்தன.

ஷமீலா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பழைய துணிகளுக்கும் அறுந்த ஒயர்களுக்கும் அடியிலிருந்து ஒரு லேப்டாப்பை உருவி எடுத்தார். லேபில் கழித்துப்போட்டது. திரை தானாக நிற்காது. பின்னால் எதையாவது முட்டுக்கொடுக்க வேண்டும். பேட்டரி செத்துவிட்டது, பிளக்கைப் பிடுங்கினால் அந்தக் கணமே அணைந்துவிடும். சில எழுத்துகளை ஓங்கி அழுத்தினால்தான் விழும்.

அதைத் துடைத்து அவள் முன்னால் வைத்தார்.

“எந்த லேப்டாப் வாங்கணும்னு சொல்ற புரோகிராம் ஒண்ணு எழுதுங்கக்கா. போன்ல இருக்கிற எல்லாத்தையும் அதுக்குள்ள போடுங்க. அது எதைச் சொல்லுதோ அதை வாங்குங்க.”

“எனக்குத்தான் புரோகிராம் எழுதத் தெரியாதே மிஸ்.”

“தெரியும். அதனால கொஞ்ச நாள் ஆகும்.”

அவ்வளவுதான் பதில்.

ரயிலில் ஊர் திரும்பும்போது செண்பகவல்லிக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெயரைச் சொன்னால் முடிந்துபோகிற விஷயம். படித்த திமிர் என்று நினைத்தாள். கணவர் வேலுச்சாமியிடமும் அப்படியே சொன்னாள். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். மிஸ் சொன்னதை ஒருதடவை செய்துதான் பாரேன், லேப்டாப் எங்கே ஓடிவிடப் போகிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் லேபின் ஓரத்தில் அந்தப் பழைய லேப்டாப்பை வைத்து, திரைக்குப் பின்னால் டிபன் பாக்ஸை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள்.

எழுத்தை எப்படித் திரையில் வரவைப்பது என்று ஷமீலா காட்டினார். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று சொல்வது எப்படி என்றும் காட்டினார். அதற்குமேல் நிற்காமல் போய்விட்டார்.

அவள் எழுதினாள். திரை முழுக்கத் தப்பு தப்பு என்று சிவப்பு எழுத்தாகக் கொட்டியது.

மறுபடி எழுதினாள். மறுபடியும் சிவப்பு.

பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் திரையில் சிவப்பைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். செண்பகவல்லிக்கு அது அவ்வளவு புதிதாகத் தோன்றவில்லை. அழ மட்டும் தெரிந்த, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத சிசுக்களோடு காலம் தள்ளியவள். இதுவாவது எந்த வரியில் வலிக்கிறது என்று சொல்கிறதே என்று நினைத்துக்கொண்டு நிதானமாக அந்த வரிக்குப் போனாள். ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறி விழுந்திருந்தது.

சரிசெய்தாள். ஓடியது.

இரண்டு லேப்டாப்களில் எதற்குப் பேட்டரி நேரம் அதிகம் என்பதை அந்த இயந்திரம் சொன்னது. ஒரே ஒரு வரி. அவளே எழுதிய எண்களை அவளுக்கே திருப்பிச் சொன்னது. ஆனாலும் அன்றைக்கு ரயிலில் இடம் காலியாக இருந்தும் உட்காரத் தோன்றாமல் கதவோரமே நின்றுகொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கால் தரையில் பாவவில்லை. மதியச் சாப்பாட்டை அள்ளிப்போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடினாள். இரண்டு லேப்டாப் பத்தானது, பத்து இருபதானது. எடை சேர்ந்தது, ரேம் சேர்ந்தது, திரையின் அளவு சேர்ந்தது. ஒன்று சேர்த்தால் இன்னொன்று உடையும். உடைந்ததைக் கண்டுபிடிக்கும்போது அவள் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கைப் பெண் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒருநாள் ஷமீலாவைத் தேடிப் போனாள்.

“ஒரு லேப்டாப் நல்லதுன்னு அதுக்கு எப்படிப் புரியவைக்கிறது மிஸ்? எண்ணைச் சொன்னா வாங்கிக்குது. நல்லதுன்னா முழிக்குது.”

“யாருக்கு நல்லது?”

செண்பகவல்லி அந்தக் கேள்வியோடு லேபுக்குத் திரும்பினாள்.

தினமும் ரயிலில் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவளுக்கு எடை குறைவாக இருந்தால் நல்லது. வகுப்பறையில் சுவரோரம் மட்டும்தான் பிளக் பாயிண்ட், அவள் உட்காருவது நடுவில். ஆகவே சார்ஜ் நிற்க வேண்டும். எழுத்துகள் அழுத்தினால் விழ வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாடத்துக்கான மென்பொருள்கள் திணறாமல் ஓடுமளவு ரேம் வேண்டும், அது பின்னால் கூட்டிக்கொள்ள முடிந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு என்று யோசித்துப் பார்த்தாள். அவள் கேம் ஆடுவதில்லை, வீடியோ வெட்டி ஒட்டுவதில்லை. அந்த வரியை அழித்தாள். கடைக்காரரின் முகம் மனதுக்குள் வந்துபோனது.

ஒவ்வொரு தேவைக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று ஓர் எண் கொடுத்தாள். எல்லாம் கூட்டி மதிப்பெண் போடச் சொன்னாள். ஓடவிட்டாள்.

அது ஒரு லேப்டாப்பைச் சொன்னது. இருந்ததிலேயே கனமானது. தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும்.

அவள் பதறிப்போய் ஷமீலாவை அழைத்து வந்தாள். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், இது என்னவோ உளறுகிறது என்றாள். ஷமீலா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உளறலைக்கா. நீங்க சொன்னதைக் கேட்டிருக்கு.”

கூடக்கூட மதிப்பெண் அதிகம் என்று எல்லாவற்றுக்கும் சொன்னதுபோலவே எடைக்கும் சொல்லியிருந்தாள். அதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லேபே திரும்பிப் பார்த்தது.

இதற்கிடையில் முதல் தேர்வு வந்து போனது. அவள் பேரும் தேறியவர்களில் இருந்தது. பார்த்துவிட்டு லேபுக்குப் போய்விட்டாள்.

கோவில்பட்டிக் கடையில் தள்ளுபடி விற்பனை போட்டார்கள். வேலுச்சாமி காலையிலேயே சொல்லி அனுப்பினார். இன்றைக்குச் சாயங்காலத்தோடு முடிகிறது, நான் டிரிப் முடித்துவிட்டுக் கடையில் போய் நிற்கிறேன், நீ எது என்று மட்டும் போனில் சொல் என்றார். அவளும் சரி என்றாள்.

அன்று பார்த்துப் புரோகிராம் முரண்டு பிடித்தது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, கடைசியில் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் திறக்காமல் நின்றது. தோண்டிப் பார்த்தாள். இரண்டு லேப்டாப்கள் ஒரே மதிப்பெண்ணில் நின்றுகொண்டிருந்தன. சமமாக வந்தால் என்ன செய்வது என்று அதற்கு அவள் சொல்லவே இல்லை.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஷமீலாவை மறித்தாள்.

“ரெண்டும் சமமா வந்தா எதை எடுக்கணும் மிஸ்?”

“வார்டுல ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல வலி வந்தா யாரை முதல்ல பார்ப்பீங்க?”

செண்பகவல்லி யோசிக்கவே இல்லை. “ரெண்டு பேரையும் திரும்ப ஒருதடவை பார்ப்பேன். முதல்ல எதைப் பார்க்காம விட்டேனோ, அதைப் பார்ப்பேன்.”

“அதை எழுதுங்க” என்று சொல்லிவிட்டு ஷமீலா தன் அறைக்குப் போனார்.

அவள் உட்கார்ந்தாள். போன் அடித்தது. கடையில் கூட்டம் அதிகம், நான் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அவசரமில்லை என்றார் வேலுச்சாமி. இதோ ஆகிவிட்டது என்று சொல்லி வைத்தாள்.

சமமாக வந்தவற்றைத் தனியே பிரித்து நிறுத்தினாள். முதல் சுற்றில் பார்க்காத ஒரு விவரத்தை எடுத்து, அவற்றை மட்டும் திரும்ப ஒருமுறை பார்க்கச் சொன்னாள். அப்போதும் சமமாக வந்தால் அதற்கடுத்ததைப் பார்க்கச் சொன்னாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அழித்துவிட்டு ஒரே இடத்தில் எழுதி, வேண்டிய இடத்திலெல்லாம் அதையே கூப்பிட்டு வேலை வாங்கினாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதி முடித்த பிறகுதான் அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்தாள். முன்னே நீளமாகக் கிடந்தது இப்போது உள்ளங்கை அகலத்தில் அடங்கியிருந்தது.

போன் மறுபடி அடித்தது. அவள் காதில் விழவில்லை.

ஓடவிட்டாள்.

சிவப்பு வரவில்லை. நிற்கவும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரைக்கும் தங்குதடையில்லாமல் ஓடி முடித்தது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். லேபுக்கு வெளியே கழற்றிப்போட்ட செருப்பைத் தாண்டி வெறுங்காலோடு வராந்தாவில் ஓடினாள். எதிரே வந்த பிள்ளைகள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஷமீலா டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கக்கூட அவள் விடவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். சமமானவற்றை எப்படிப் பிரித்தாள், திரும்பப் பார்க்கச் சொன்னதை எப்படி ஒரே இடத்தில் எழுதினாள், மறுபடி சமமானால் அது தன்னைத் தானே எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறது, லேப்டாப்புக்குப் பதில் ரயிலைப் போட்டாலும் வீட்டைப் போட்டாலும் அதே வரிகள் எப்படி வேலை செய்யும், நாளைக்கு அதில் என்னென்ன மாற்றப் போகிறாள். மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். ஒன்று முடியுமுன் அடுத்தது வந்தது.

எல்லாம் முடிந்ததும்தான் ஷமீலா டம்ளரைக் கீழே வைத்தார்.

“கடைசியில எந்தப் பேரைச் சொல்லுச்சு?”

செண்பகவல்லி லேப் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பார்க்கலை மிஸ்.”