தேரிக்காட்டுக் குடில்

"எவ்வளவு வாங்கினாலும் மனசு நிறைய மாட்டேங்குது சிஸ்டர். ஏன்?"

ஜசிந்தா வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

சிஸ்டர் மெற்றில்டா கோயில் வாசலில் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தேரிக்காட்டின் நடுவில் தன்னந்தனியாக ஒரு சின்னக் கோயில். பக்கத்தில் ஓர் ஓலைக் குடிசை. அங்கே ஜெபத்தில் இருக்கிறவர். வயதென்னவோ ஜசிந்தாவின் மகள் வயதுதான். கேட்டால் நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று தூத்துக்குடி முழுக்கப் பேச்சு. அப்படியும் ஆட்கள் தேடிப் போனார்கள்.

பெருக்கிய இடத்தில் மணல் மறுபடியும் வந்து உட்கார்ந்தது. செக்கச் செவேலென்ற மணல். நேற்று மேடாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். காற்று எதையோ தேடுகிற மாதிரி அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஜசிந்தா தன் பாட்டைச் சொன்னாள். போனைத் தொட்டால் பொருள் வீட்டுக்கு வந்துவிடுகிறதாம். டப்பாவைப் பிரிக்கும்வரை சந்தோஷமாம், பிரித்ததும் போய்விடுகிறதாம். அதனால் இப்போதெல்லாம் பிரிப்பதுகூட இல்லையாம். வீட்டில் மூலைக்கு மூலை டப்பா. ஜெபமாலையைக் கையில் எடுத்தாலும் மனசு அடுத்த சலுகைக்குத்தான் போகிறதாம்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மகள் டெல்பினுக்கு இது தலைப்பிரசவம். தாய்வீட்டில்தானே பார்க்கவேண்டும்? போன வாரம் வந்தவள், தனக்கென்று சொன்ன அறையின் கதவைத் திறந்து பார்த்தாள். பாதிதான் திறந்தது. "பிள்ளையை எங்கம்மா போடுவ?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மாமியார் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று அன்றைக்கே திரும்பிவிட்டாள். ஜசிந்தா அழுதாள். அழுத கையோடு போனை எடுத்து, சக்கரம் வைத்த தொட்டில் ஒன்றுக்கு ஆர்டர் போட்டாள். அதுவும் வந்து, டப்பாவோடு டப்பாவாக அந்த அறையிலேயே நின்றது.

சிஸ்டர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அம்மாவுக்குக் குடில் கட்டத் தெரியுமா?"

நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டார். ஜசிந்தா வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்கப் பங்குக் கோயில் சனமே திரண்டு வரும். வருஷா வருஷம் முதல் பரிசு அவளுக்குத்தான்.

"தெரியுமாவா? எங்க கட்டணும், சொல்லுங்க."

சிஸ்டர் ஒரு பனம்பலகையைக் காட்டினார். அதன்மேல் களிமண் சொரூபங்களை எடுத்து வைத்தார். மாதா. சூசையப்பர். கொம்பு முறிந்த ஒரு மாடு, ஓர் ஆடு. நடுவில் தீவனத் தொட்டி, அதில் கொஞ்சம் வைக்கோல். பாலன் இயேசு இல்லை. பாலனைக் கிறிஸ்துமஸ் பூசையில்தான் வைப்பார்கள், அதுவரை தொட்டி காலியாகக் கிடக்கும். அது ஊரறிந்த வழக்கம்.

இவ்வளவுதானா என்றிருந்தது ஜசிந்தாவுக்கு. பாவம், ஏழைக் கோயில். நல்லவேளை, காணிக்கையாகக் கொடுக்கலாமென்று ஒரு பெரிய பெட்டி நிறையக் குடில் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். டிரைவர் தூக்க மாட்டாமல் தூக்கி வந்து வைத்தார்.

வேலை ஆரம்பமாயிற்று.

ஜிகினா உடுத்த ராஜாக்கள் வந்தார்கள். ஒட்டகங்கள் வந்தன. ஒரு மந்தை ஆடு வந்தது. கண்ணாடியில் குளம், குளத்தில் வாத்து, வாத்துக்கு ஒரு பாலம். எல்லாவற்றின் மேலும் பஞ்சால் பனி பெய்தது. தேரிக்காட்டில் பனி பெய்ததை யார் கண்டார்கள்? ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

வெயில் சாய்ந்து மணல் இன்னும் சிவந்தது. பனைகள் 'ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. கை தானாக எடுத்தது, தானாக வைத்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

கடைசியில் ஓர் இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி கண்ணை உறுத்தியது. பெட்டியில் மிச்சமிருந்தது பாட்டுப் பாடும் தேவதூதன், சம்மனசு ஒன்று. பாட்டரி போட்டது, சிறகடிக்கும். அதைக் கச்சிதமாக அந்த இடத்தில் பொருத்தினாள். சிறகு இரண்டு பக்கமும் விரிந்து, மாதாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டது. பரவாயில்லை.

சிஸ்டர் வந்து பார்த்தார்.

"நிறைஞ்சிட்டுதாம்மா?"

"நிறைஞ்சிட்டு சிஸ்டர்." சொல்லும்போதே ஜசிந்தாவுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் நிறைஞ்சிட்டு என்று சொல்லியிருக்கிறாள்.

சிஸ்டர் கோயிலுக்குள் போனார். வெள்ளைத் துணியில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வந்து, அவள் கையில் வைத்தார்.

துணி விலகியது. பாலன்.

உள்ளங்கை அளவுதான் இருக்கும். பழைய சொரூபம், மூக்கில் சாயம் போயிருந்தது. ஆனாலும் கனத்தது.

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கே சிஸ்டர்" என்றாள் ஜசிந்தா.

"நாள் இருக்கும்மா. இடம் எங்க?"

ஜசிந்தா குனிந்து பார்த்தாள். தொட்டியில் சம்மனசு சிறகடித்துப் பாடிக்கொண்டிருந்தது. அதை நகர்த்தலாமென்று ஒற்றைக் கையால் தள்ளினாள். அது ஒட்டகத்தை இடித்தது. ஒட்டகம் குளத்தில் விழுந்தது. ஒரு ராஜாவைத் தூக்கிவிட்டு, அந்த ராஜாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பாலனை மாதாவுக்குப் பக்கத்தில் வைக்கப் பார்த்தாள். அங்கே ஆடு. சூசையப்பருக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே பாலம்.

பிள்ளையை எங்கம்மா போடுவ?

யாரோ பக்கத்தில் நின்று கேட்டதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் மறுபடியும் வாசலைப் பெருக்கப் போயிருந்தார். வேறு யாருமில்லை.

கக்கத்திலிருந்த ராஜா நழுவி மணலில் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பாலனை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, மடியிலும் தோளிலும் மணல் படிந்துவிட்டது. தட்டிவிடத் தோன்றவில்லை.

பிறகு எழுந்தாள். காட்டில் சிக்னல் கிடைக்காமல் போனுக்கு உயிர் இல்லை. பாலனை அணைத்தபடியே மேட்டில் ஏறினாள். கால் புதையப் புதைய உச்சிக்குப் போனதும் போனுக்கு உயிர் வந்தது. சலுகைச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தின. இன்றே கடைசி, இன்னும் சற்று நேரமே. அவை ஓயட்டுமென்று நின்றாள். ஓய்ந்ததும் மகளைக் கூப்பிட்டாள்.

"டெல்பின், அம்மா பேசுதேன்."

"என்னம்மா? மூச்சு வாங்குது? எங்க இருக்க?"

"உன் ரூமைக் காலி பண்ணப் போறேம்ளா. எல்லாத்தையும். அந்தத் தொட்டிலும் வேண்டாம், என் பழைய சேலையில தொட்டில் கட்டிக்கிடலாம்."

கீழே சிஸ்டர் பெருக்கும் சத்தம் காற்றில் வந்தது.

"நாள் இருக்குல்லா?" என்றாள் ஜசிந்தா.

போனில் டெல்பினின் பதில் வந்தது.

"நாள் இருக்கும்மா."