கடல்பாசியில் நாலு கடுகு

ஸ்கேன் படம் மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்தால் தலைமை மருத்துவர் நாகசுந்தரத்துக்குப் பிடிக்காது. புது மெஷினில் அதை வழவழப்பாக்க ஒரு பொத்தான் இருந்தது. இனி எல்லா நோயாளிக்கும் அதைப் போட்டுத்தான் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி மருத்துவர்கள் ஸ்கேன் பார்த்து ஊசி குத்திப் பழகக் கடல்பாசி காய்ச்சிக் கட்டியாக உறைய வைத்துத் தரும் ஆயா சவரியம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மணலோட சேர்ந்து பொடிக் கல்லும் மறைஞ்சிருமே சார்?"

"பாசி காய்ச்சுறவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? அப்படி மறைஞ்சதைக் காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

மதியம் ஒரு பாசிக் கட்டியோடு வந்தாள். கோதுமை மாவு கலந்து காய்ச்சியது. ஸ்கேனில் ஈரல் மாதிரியே தெரியும். டாக்டர் பொத்தானை அழுத்திப் பார்த்தார். திரை பால்போல் இருந்தது.

"உள்ளே ஏதாச்சும் இருக்கா சார்?"

"முப்பது வருஷமாப் பார்க்கிறேன். ஒண்ணும் கிடையாது."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். அவள் பொத்தானை அணைத்தாள். மணல் திரும்பி வந்தது. நடுவில் நாலு வெள்ளைப் பொட்டு. கட்டியைக் கத்தியால் அறுத்தாள். நாலு கடுகு இருந்தது.

கூட நின்ற பயிற்சி மருத்துவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

"இது என்ன நோயாளியா? வெறும் பாசி!" என்றார் டாக்டர்.

"ஆமா சார். அதான், ஒண்ணுமில்லேன்னு நீங்க எழுதிக் குடுத்த பிறகும் வலிக்குதுன்னு கத்தலை."

மறுநாள் சவரியம்மாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தபோது, அந்தப் பொத்தான்மேல் யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.