முன்னால் போன முளை

யோர்தான் ஆற்றுக்கு அக்கரையில், யாருக்கும் நினைவில்லாத ஒரு காலத்தில், அதாயா என்றொரு இஸ்ரவேல் ராஜா ஆண்டுவந்தார். 'ஏன்?' என்று கேட்காமல் அவருக்குப் பொழுது போகாது. ஆனால் பதில் வருவதற்குள் உத்தரவு போட்டுவிடுவார். அதுதான் தொல்லை.

அவர் நாட்டில் ஆலயம் என்று கட்டடம் கிடையாது. ஆராதனைக்கு ஒரு பெரிய கூடாரம்தான். ஜனங்கள் மேய்ச்சல் தேடி இடம் மாறும்போது அதுவும் கூடவே போகும். அப்போது குடும்பத்துக்கொரு வேலை, எல்லாம் பரம்பரை வேலை. ஆசாரியர்கள் பொன் விளக்கையும் மேசையையும் துணியால் சுற்றிக் கட்டுவார்கள். கோகாத் குடும்பத்தார் அவற்றைத் தோளில் சுமப்பார்கள். மெராரி குடும்பத்தார் கூடாரத்தின் பலகை, கயிறு, கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் முளை எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போவார்கள்.

இந்த 'முன்னால்'தான் கோகாத் குடும்பத் தலைவர் ஓத்னிக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, பொன் விளக்கு பின்னால் வருகிறது, மரமுளை முன்னால் போகிறது. இது அடுக்குமா?" என்று சபையில் ராஜாவை ஏற்றிவிட்டார்.

"அட, ஆமாம்! ஏன் அப்படி?"

மந்திரி பக்புக்கியா (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கும்) வாயைத் திறந்தார். அதற்குள் ராஜா முடித்துவிட்டார்: "மெராரி குடும்பத்தை வேலையிலிருந்து நீக்கினேன். முளையடிக்க யாருக்குத்தான் தெரியாது? என் காவலர்களே அடிப்பார்கள்!"

மெராரி குடும்பத் தலைவர், முளைக்காரர் இத்ரி, அங்கேதான் நின்றிருந்தார். அவர்களுக்கு வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. இந்த வேலை போனால் குடும்பத்துக்குச் சோறும் போச்சு, பெயரும் போச்சு.

மந்திரி எழுந்தார். "அப்படியே ஆகட்டும். நாளைக்கு ஓத்னியே முன்னால் போகட்டும். ஒரே ஒரு சந்தேகம், ஓத்னி ஐயா. சுமக்கிற பொருளை வழியில் தரையில் வைக்கலாமா?"

"தரையிலா!" ஓத்னி சீறினார். "எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வைத்ததில்லை. கூடாரத்துக்குள் அதனதன் இடத்தில்தான் இறக்குவோம்."

"எனக்கு அது போதும்" என்று மந்திரி உட்கார்ந்துகொண்டார்.

ராஜாவுக்கு வேறொரு ஆசை. "ஓத்னி, அந்தத் துணிக்குள் விளக்கு எப்படி இருக்கும்?"

"தெரியாது மகாராஜா. சுமக்கிறவர்கள் பார்க்கக் கூடாது."

"பார்க்காத பொருளுக்கா இத்தனை பெருமை?" என்றார் ராஜா. மந்திரிக்கு அப்போது பார்த்துதான் இருமல் வந்தது.

மறுநாள் ஓத்னி மார்பை நிமிர்த்திக்கொண்டு விளக்கோடு முன்னால் நடந்தார். உச்சி வெயிலில் புது இடம் வந்தது. ஓரத்தில் ஓர் அத்திமரம், மற்றபடி வெறும் மணல். வண்டிகள் பின்தங்கி, ஆடி அசைந்து வந்து சேர்ந்தன. காவலர்கள் முளையடித்தார்கள். ஒன்று இறங்கினால் ஒன்று பிடுங்கிக்கொண்டது. எந்தக் கயிறு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"இங்கே கொடு!" என்று ராஜாவே சுத்தியலை வாங்கினார். காற்று அடித்தது. திரைச்சீலை கிரீடத்தோடு அவரை மூடியது.

விளக்கை இறக்க இடமில்லாமல் ஓத்னி தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து நின்றார். மந்திரியோ அந்த அத்திமர நிழலில் பழம் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஏதாவது செய்யும்! தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது."

"கீழே வைத்துவிடுமேன்."

"ஐயையோ, அதெப்படி!" ஓத்னி தவித்தார். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கத்தினார்: "யாராவது இத்ரியைக் கூப்பிடுங்களேன்!"

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. வண்டிகளுக்குப் பின்னாலேயே நடந்துவந்த இத்ரி, தன் ஆட்களோடு ஓடிவந்தார். திரைக்குள்ளிருந்து தலையை நீட்டிய ராஜா கேட்டார்: "உன்னைத்தான் நீக்கிவிட்டேனே, ஏன் ஓடிவருகிறாய்?"

"அவருக்குத் தோள் வலிக்குமே, மகாராஜா."

ராஜா முதன்முறையாகப் பதிலை முழுசாகக் கேட்டார். சுத்தியலை இத்ரியிடம் கொடுத்துவிட்டார்.

கூடாரம் எழுந்தது. விளக்கு தன் இடத்தில் இறங்கியது. "முளை ஏன் முன்னால் போகிறது என்று இப்போது தெரிகிறதா?" என்றார் மந்திரி.

ராஜா மந்திரிக்குத் தன் மோதிரத்தையும், இத்ரிக்கு வேலையோடு அரண்மனைக் காளைகள் இரண்டையும் கொடுத்தார். ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் காளைகளை வண்டியில் பூட்டவேண்டியது ஓத்னி என்றும் உத்தரவிட்டார்.

அடுத்த பயணத்தன்று ஓத்னி முகம் சிவக்க வந்து காளைகளைப் பூட்டினார். பூட்டியவர் போகவில்லை. வண்டியை இரண்டு முறை சுற்றிவந்தார்.

"இத்ரி, முளை எல்லாம் ஏத்தியாச்சா? ஒண்ணுகூட விட்டுடாதேப்பா. கொஞ்சம் வேகமாவே போ!"