கதவைத் திருப்பிய விலாங்கு

மீனும் மரமும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடல் தண்ணீர் இப்படிக் கரிக்காது. ஆற்றில் வளர்ந்த விலாங்குகள் கடலுக்குப் போய் முட்டையிட்டன, குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்பி வந்தன. பிறகு கடல் உப்பாகிவிட்டது. ஏன் உப்பானது என்பது வேறு கதை, அது எனக்கு முழுசாகத் தெரியாது.

கடல் உப்பான அந்த வருஷம், கொள்ளிடம் கடலில் விழும் இடத்துக்கு வடிவு என்ற விலாங்கு வயிறு நிறைய முட்டையோடு வந்து சேர்ந்தாள். துள்ளான் என்ற கெண்டை துணைக்கு வந்திருந்தான். வடிவு கடலுக்குள் நீந்தினாள். கொஞ்ச நேரத்தில் உப்பில் போட்ட மாவடு மாதிரி உடம்பு சுருங்கத் தொடங்கியது. பதறிப்போய்த் திரும்பினாள்.

“உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய ஓடுதுடா!”

உயிருள்ள எந்த உடம்பும் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகளால் ஆனது. அறையின் சுவர் வெங்காயச் சருகைவிட மெல்லிசு. அந்தச் சுவரைத் தாண்டத் தண்ணீர் யாரையும் கேட்காது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடுவது அதன் பிறவிக் குணம். உப்பு அப்படி இல்லை. அதற்குக் கதவு வேண்டும், கதவில் ஒரு காவல்காரன் வேண்டும். ஆற்றில் இருந்தவரை வெளியைவிட உடம்புக்குள்தான் உப்பு அதிகம். அதனால் தண்ணீர் தானாக உள்ளே வந்தது. ஆற்றில் கிடந்த சொற்ப உப்பைக் காவல்காரர்கள் உள்ளே இழுத்துப் போட்டார்கள். கடலில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருக்க, அந்த அப்பாவிகள் பழக்க தோஷத்தில் அங்கேயும் உப்பை உள்ளேதான் இழுத்தார்கள்.

“திரும்பிடலாம் வடிவு. முட்டைய ஆத்துலயே போட்டுடு” என்றான் துள்ளான்.

“ஆத்துல பொரியாது. உனக்கே தெரியும்.”

“பொரியலன்னா போவுது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. நீ பொழைக்கிற வழியப் பாரு.”

அவன் கெட்டவன் இல்லை. அவளை இழக்க அவனுக்கு மனசில்லை, அவ்வளவுதான். அது தெரிந்ததால் வடிவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

தன் செவுளில் இருந்த காவல்காரர்களின் தலைவனைக் கூப்பிட்டாள். “ஐயா, எல்லாக் கதவையும் அடைச்சிடுங்களேன்.”

“அடைச்சாலும் தண்ணி நிக்காது தாயி. அதுக்கு எங்க கதவு எதுக்கு? செவுரு வழியாவே போயிடும்.”

“அப்ப வழியே இல்லையா?”

தலைவன் கொஞ்சம் யோசித்தான். “ஒண்ணு இருக்கு. போற தண்ணிக்கு ஈடா நீங்க கடல் தண்ணியையே குடிக்கணும். கூட வர்ற உப்ப நாங்க வெளிய தள்ளணும். அதுக்குக் கதவையெல்லாம் திருப்பி மாட்டணும். ஆனா வெளிய ஏற்கெனவே உப்பு நெறஞ்சு கெடக்கு. நெறஞ்ச எடத்துல மேல மேல தள்ளுறது மேட்டுல வண்டி தள்ளுற மாதிரி. எங்களுக்கு ராப்பகலா தீனி போடணும்.”

“போடறேன்.”

“எதப் போடுவீங்க? உங்க குடல் இனிமே தண்ணி குடிக்க மட்டும்தான் ஆகும். இரை எடுக்க முடியாது. நாங்க உங்க கொழுப்பத் தின்னுவோம், அது தீர்ந்தா சதையத் தின்னுவோம். முட்டையிடுற எடம் வரைக்கும் தாங்கும். திரும்பி வரத் தாங்காது தாயி.”

வடிவு மூன்று நாள் அங்கேயே கிடந்தாள். சாவதற்குப் பயமாக இருந்தது. ஆற்றங்கரையில் தான் வாழ்ந்த சேற்றுப் பொந்தை நினைத்தாள். முட்டைகளையும் நினைத்தாள். மூன்றாம் நாள் துள்ளான் எங்கிருந்தோ ஓர் இறாலைக் கவ்விக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். இறால் என்றால் அவளுக்கு உயிர். அதை மூக்கால் மெதுவாக அவன் பக்கமே தள்ளினாள்.

“நீ தின்னு” என்றாள். பிறகு தலைவனிடம், “திருப்புங்க ஐயா” என்றாள்.

ஒவ்வொரு கதவாகத் திரும்பியது. வடிவு ஒரு வாய் கடல் தண்ணீரைக் குடித்தாள். தண்ணீர் உடம்பில் தங்கியது, உப்பு செவுள் வழியே வெளியேறியது. அவள் கடலுக்குள் போய்விட்டாள். துள்ளானால் அதற்குமேல் ஓர் அடிகூட அவளோடு போக முடியவில்லை.

விலாங்கு பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று ஊர் ஏசும். ஏசட்டும். இரண்டாவது தண்ணீருக்குள் நுழைய அவள் என்ன கொடுத்தாள் என்று ஏசுகிற யாரும் கேட்டதில்லை.

மறு வருஷம் கண்ணாடித் துண்டுகள் மாதிரிக் குஞ்சுகள் கூட்டமாக ஆற்று முகத்துக்கு வந்தன. கொஞ்ச நேரம் தயங்கி நின்றன. அவற்றின் கதவுகள் திரும்பவும் உள்பக்கமாகத் திரும்பின. துள்ளான் முன்னால் நீந்தி அவற்றுக்கு வழிகாட்டினான்.

அன்று முதல்தான் விலாங்கு இரண்டு தண்ணீரிலும் வாழ்கிறது. அன்று முதல்தான், முட்டையோடு கடலுக்குக் கிளம்பிய விலாங்கின் வயிற்றை யார் அறுத்துப் பார்த்தாலும் உள்ளே ஓர் இரைகூட இருப்பதில்லை.